சிறு நாடகத்துக்கு நிழற்பாவை செய்வது எப்படி

நிழற்பாவை செய்யப் புதிதாக உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மூட்டில்தான் தொடங்குவார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என்று எட்டுப் பத்து இடத்தில் வெட்டிக் கோத்துவிடுவார்கள். திரையில் பிடித்துப் பார்த்தால் பாவை ஆடும், ஆனால் நடிக்காது. எல்லா உறுப்பும் ஒரே நேரத்தில் ஊசலாடும். ஆட்டுகிறவருக்கு இருப்பதோ இரண்டே கை. ஒடிசாவின் ராவணச்சாயா பாவைகளுக்கு மூட்டே கிடையாது, ஒரே தோலில் வெட்டியவை. ஜாவாவின் வயாங் குலித் பாவைகள் கையசைவை மட்டும் வைத்துக்கொண்டு விடிய விடியக் கதை சொல்கின்றன. உணர்ச்சி பாவம் என்பது முதலில் உருவரையில், அதாவது பாவையின் வெளிக்கோட்டு வடிவத்தில் இருக்கிறது. அது சரியாக அமைந்த பிறகு ஒன்றிரண்டு மூட்டு போதும். மூட்டு எண்ணிக்கையைக் கூட்டி உருவரையின் குறையை மறைக்க முடியாது.

இங்கே சொல்லும் அளவுகள் 10–15 நிமிட நாடகம், இரண்டு பேர் ஆட்டுவது, நான்கைந்து பாவைகள், 100 செ.மீ. அகலமும் 70 செ.மீ. உயரமும் உள்ள திரை, ஒரு அறையில் அடங்கும் பார்வையாளர்கள் என்ற கணக்கில். திரை பெரிதானால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

அளவு

முக்கியப் பாத்திரம் 25 முதல் 28 செ.மீ. உயரம். குழந்தை 16–18 செ.மீ., அரக்கன் மாதிரி ஆகிருதி என்றால் 40 செ.மீ. வரை போகலாம். 15 செ.மீ.க்குக் கீழே போனால் முகத்தில் செய்யும் வேலை எதுவும் கடைசி வரிசைக்குத் தெரியாது.

தலையை இயற்கை அளவில் வரையாதீர்கள். மனித உடம்பு ஏறக்குறைய ஏழு ஏழரைத் தலை உயரம். பாவைக்கு நான்கு அல்லது நாலரைத் தலை உயரம்தான் பொருந்தும். அதாவது 28 செ.மீ. பாவைக்குத் தலை 6–7 செ.மீ. உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து முகத்தின் நீளத்துக்கு வரட்டும். தாளில் பார்க்கும்போது விகாரமாகத்தான் இருக்கும். திரையில் சரியாகிவிடும்.

உருவரை

முகம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேர்முகத்தின் நிழல் வெறும் முட்டை வடிவம். நெற்றி, மூக்கு, உதடு, தாடை எதுவும் கோட்டில் வராது. மார்பைக் கொஞ்சம் நம் பக்கம் திருப்பி வரையலாம், பாதம் மறுபடி பக்கவாட்டில்.

ஆளை வரையும் முன்பு உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை ஒரே ஒரு வளைகோடு போடுங்கள். முன்னால் சரிந்த கோடு என்றால் அவசரம், ஆசை, சண்டைக்குப் போகிற வேகம். பின்னால் சாய்ந்தால் அகம்பாவம் அல்லது பயம். மார்பு முன்தள்ளியிருந்தால் அகம்பாவம், வயிறு உள்வாங்கியிருந்தால் பயம். மேல்முதுகு மட்டும் வளைந்தால் முதுமையோ சோகமோ. இந்தக் கோட்டின்மேல்தான் உடம்பு ஏற வேண்டும். முதலில் நிமிர்ந்த ஆளை வரைந்துவிட்டு அப்புறம் குனிய வைத்தால் இடுப்பில் மடித்த அட்டைபோல இருக்கும்.

அடுத்து வெளிச்சம் புக வேண்டிய இடைவெளிகள். தாடைக்கும் மார்புக்கும் நடுவே குறைந்தது 1 செ.மீ. வெளி விடுங்கள். கழுத்து தெரியாத பாவைக்குத் தலை அசைந்தாலும் அசைந்தது தெரியாது. கை உடம்பின்மேல் ஒட்டிக் கிடந்தால் கையே இல்லை என்று அர்த்தம். முழங்கையைச் சற்று வெளியே தள்ளி, இடுப்புக்கும் கைக்கும் நடுவில் முக்கோணமாக வெளிச்சம் விடுங்கள். விரல் ஐந்தையும் பிரிக்க வேண்டியதில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிரிந்திருந்தால் காட்டவும் கேட்கவும் மிரட்டவும் வந்துவிடும்.

வரைந்ததும் உள்ளே முழுக்கக் கறுப்படித்து, சாதாரணத் தாளில் தோராயமாக வெட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கதை தெரியாத ஒருவருக்கு மூன்று விநாடி காட்டுங்கள். “யார் இது? என்ன மனநிலை?” இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வராவிட்டால் அட்டையில் கைவைக்காதீர்கள். தாளில் திருத்துவது ஐந்து நிமிட வேலை.

கண்ணும் வாயும்

ஒளி புகாத பாவையில் கண் என்பது ஒரு துளை. இருட்டில் வெளிச்சம் உண்மையைவிட அகலமாகத் தெரியும், அதை ஒட்டிய கறுப்புப் பட்டை மெலிந்து தெரியும். அதனால் இரண்டு துளைகளுக்கு நடுவே விடும் பாலம் குறைந்தது 3 மி.மீ. இருக்கட்டும், 2 மி.மீ. பாலம் தூரத்தில் கரைந்துபோகும், கையில் கிழிந்தும் போகும். துளையும் 3 மி.மீ.க்குக் குறைந்தால், பாவை திரையை விட்டுச் சற்று விலகிய உடனே நிழல் அதை மூடிவிடும்.

கண் துளை மூக்குப் பக்கம் தாழ்ந்து சரிந்தால் கோபம், காதுப் பக்கம் தாழ்ந்தால் துயரம். கண்ணுக்கு மேலே இன்னொரு மெல்லிய பிளவு வெட்டினால் நடுவில் நிற்கும் கறுப்புப் பட்டை புருவம் ஆகிவிடும். புருவத்தின் சரிவும் கண்ணின் சரிவும் ஒரே திசையில் போகட்டும்.

கதாநாயகனுக்கோ நாயகிக்கோ சிரித்த முகம் வெட்டாதீர்கள். முதல் காட்சியில் அழகாக இருக்கும். தாய் இறந்த காட்சியிலும் அது சிரித்துக்கொண்டேதான் நிற்கும். நாடகம் முழுக்க வருகிற பாத்திரத்துக்குக் கண் கிடைமட்டமாக, வாய் ஏறக்குறைய மூடியதாக இருக்கட்டும். தலை குனிந்தால் அந்த முகமே சோகமாகத் தெரியும், நிமிர்ந்தால் பெருமிதமாகத் தெரியும். ஒரே குணத்தோடு வந்து போகிற வில்லன், கோமாளி போன்றோருக்கு முகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கலாம். உணர்ச்சி தலைகீழாக மாறும் பாத்திரம் என்றால் இரண்டு தலை செய்துகொள்ளுங்கள். சீனப் பாவைகளில் தலையைக் கழற்றி மாற்றும்படி கழுத்தில் பட்டை வைப்பார்கள். அதே மாதிரி உடம்பின் கழுத்தில் அட்டைப் பட்டையால் ஒரு உறை ஒட்டிவிட்டால் தலையைச் செருகி எடுக்கலாம். ஆனால் அந்தப் பாவைக்குக் கழுத்து மூட்டை உறைக்கு மேலே, தலைத் துண்டிலேயே அமைக்க வேண்டும்.

அட்டையும் வெட்டும்

250–300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சார்ட் தாள் மெலிசு, கம்பி கட்டிய இடத்தில் மடிந்துவிடும். கறுப்பாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பல்புக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவக் கூடாது, அவ்வளவுதான். பொருள்கள் வரும் அட்டைப்பெட்டியே பல நேரம் போதும். பல தடவை மேடையேறப் போகிற பாவை என்றால் பிளாஸ்டிக் ஃபைல் உறையில், 0.5 மி.மீ. தடிமன் உள்ளதில் வெட்டலாம்.

அட்டைக்கு நார் ஓட்டம் உண்டு. இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளையும்போது மடிப்பு எந்தத் திசையில் விழுகிறதோ அதுதான் நார் ஓடும் திசை. கை, கால் போன்ற நீளத் துண்டுகள் அந்தத் திசையில் நீளமாக அமைய வேண்டும். குறுக்கே வெட்டினால் ஒரு வாரத்தில் கை சுருண்டு திரையை விட்டு எழும்பி நிற்கும்.

உள்துளைகளை முதலில் வெட்டுங்கள், அதிலும் சிறியதிலிருந்து பெரியதற்கு, வெளிக்கோட்டைக் கடைசியில். வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் கண்ணை வெட்டும்போது பிடித்துக்கொள்ள அட்டையே இருக்காது. வளைவில் கத்தியைத் திருப்பாமல் அட்டையைத் திருப்புங்கள். உள்மூலை வரும் இடத்தில் முதலில் ஊசியால் ஒரு சிறு துளை போட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தத் துளை வரை வெட்டி நிறுத்தினால் பின்னால் கிழியாது. கட்டர் அலகு மழுங்கினால் அட்டை வெட்டுப்படாமல் பிசிறும். ஒரு பாவைக்கு அலகின் நுனியை இரண்டு மூன்று தடவை உடைக்கத் தயங்காதீர்கள்.

மூட்டு

எத்தனை மூட்டு என்று கேட்டால், முதல் மூட்டு கழுத்துக்கு. இரண்டாவது ஒரு கைக்கு, தோளிலும் முழங்கையிலும். இன்னொரு கை உடம்போடு சேர்ந்தே இருக்கட்டும். நடக்கிற பாத்திரத்துக்கு இடுப்பிலிருந்து காலைத் தளர்வாகத் தொங்கவிடலாம். பாதத்தின் பின்னால் ஒரு சிறு வாஷர் ஒட்டினால் தானே முன்னும் பின்னும் போகும். முழங்கால் மூட்டு வைத்தால் அது முன்பக்கம் மடங்காமல் தடுக்கப் பின்னால் ஒரு அட்டைத் துண்டைத் தடையாக ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கொக்குக் கால் ஆகிவிடும்.

மூட்டில் சேரும் இரண்டு துண்டின் முனையும் ஒரே ஆரம் உள்ள அரைவட்டமாக இருக்க வேண்டும். 28 செ.மீ. பாவைக்கு 2 செ.மீ. விட்டம் சரி. துளை அந்த வட்டத்தின் நட்டநடுவில் விழ வேண்டும். 2 மி.மீ. தள்ளிப் போனாலும் கை மடங்கும்போது ஒரு மூலை வெளியே துருத்தும், நீளும்போது தோளில் ஒரு பள்ளம் விழும். பழைய நாணயத்தையோ பாட்டில் மூடியையோ வைத்து வட்டத்தை வரைந்து, மையத்தைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு கையை அதிலிருந்து நீட்டி வரைவதே பத்திரம்.

கடையில் கிடைக்கும் பித்தளைப் பிளவு ஆணிகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றின் தலை திரைத் துணியில் உரசும், கால்கள் பக்கத்துப் பாவையின் நூலில் மாட்டும். மெழுகு ஏற்றிய தடித்த நூல் போதும். கட்டும் முறை:

1. நூலின் ஒரு முனையில் இரட்டை முடிச்சு போட்டு, ஃபைல் உறையில் வெட்டிய 5 மி.மீ. வட்டில் (சிறு வட்டத் துண்டு) ஒன்றைக் கோத்துக்கொள்ளுங்கள். இந்த வட்டில்தான் அட்டைத் துளை அகலாமல் காப்பது.
2. உடம்பு, கை இரண்டின் வழியாகவும் நூலை இழுத்து, மறுபக்கம் இன்னொரு வட்டிலைக் கோத்துவிடுங்கள். கைத் துண்டு எப்போதும் ஆட்டுகிறவர் பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் உடம்பு திரையில் ஒட்டி நிற்கும்.
3. விசிட்டிங் கார்டு தடிமன் உள்ள அட்டையில் நடுவரை பிளவு வெட்டி, அதை இரண்டாவது வட்டிலுக்கும் கைக்கும் நடுவில் செருகுங்கள். இப்போது முடிச்சை இறுக்கமாகப் போடுங்கள். பிறகு அட்டையை உருவிவிட்டால் அசைவுக்குத் தேவையான தளர்வு மட்டும் மிஞ்சும்.
4. கையை உயர்த்தி விட்டுப் பாருங்கள். விழுந்து இரண்டு ஊசலில் நின்றால் சரி. அந்தரத்தில் நின்றுவிட்டால் இறுக்கம். ஆடிக்கொண்டே இருந்தால் தளர்வு.
5. சரியான பிறகு முடிச்சின் தலையில் மட்டும் ஒரு பொட்டுப் பசை. துளைக்குள் இறங்கினால் மூட்டு செத்தது, நூலை அறுத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

வாய் திறந்து பேச வேண்டும் என்றால் கீழ்த்தாடையைத் தனியாக வெட்டிக் காதுக்குக் கீழே கோத்துவிடுங்கள். தாடையின் முன்பகுதியிலிருந்து மெல்லிய ரப்பர் ஒன்று மேலே முகத்துக்கு, ஒரு நூல் கீழே உடம்பின் பின்னால். நூலை இழுத்தால் வாய் திறக்கும், விட்டால் ரப்பர் மூடும். மேல் உதட்டைத் தாண்டி ஏறாமல் இருக்கத் தடை ஒன்று தேவை. கோமாளிக்கும் பேசும் பிராணிகளுக்கும் இது அருமையாக அமையும். மற்றவர்களுக்கு வேண்டாம், பார்வையாளரின் கண் முழுக்கத் தாடைக்கே போய்விடும்.

கம்பி

தரையில் நிற்கிற, நடக்கிற பாவைகளுக்குக் கீழிருந்து செங்குத்தாக ஏறும் தண்டு எளிது. மூங்கில் சிம்பை நுனியில் பிளந்து, பாவையை நடுவில் கவ்வ வைத்து, இரண்டு மூன்று இடத்தில் நூலால் கட்டுங்கள். தண்டு மார்பு வரை ஏற வேண்டும். இடுப்போடு நின்றால் மேல்பாதி முன்னும் பின்னும் வளையும். இந்த அமைப்பில் பாவையைத் திருப்பி எதிர்த்திசை பார்க்க வைப்பதும் சுலபம்.

பறக்கிற, குதிக்கிற, விழுகிற பாவைகளுக்குப் பின்னாலிருந்து வரும் கம்பி வேண்டும். 2 மி.மீ. கம்பி, பழைய குடைக்கம்பி எதுவும் ஆகும். நீளம் 35–40 செ.மீ. நுனியைக் குறட்டால் சிறு வளையமாக்கி, பாவையின் முதுகில் நூலால் தைத்துக் கட்டுங்கள். கட்டும் இடம் எடைமையத்துக்கு 3–5 செ.மீ. மேலே அமைய வேண்டும், கீழே கட்டினால் பாவை தலைகுப்புறக் கவிழும். மையத்தைக் கண்டுபிடிக்க, பாவையை ஒரு ஓரத்தில் ஊசி குத்தித் தொங்கவிட்டு, ஊசியிலிருந்து எடை கட்டிய நூலைத் தொங்கவிட்டு அதன் வழியே கோடு போடுங்கள்; வேறொரு ஓரத்திலும் அதே மாதிரி. கோடுகள் வெட்டும் இடம்தான் எடைமையம்.

தலைக்கான மெல்லிய கம்பியைப் பின்மண்டையில் கட்டுங்கள். கீழே இழுத்தால் முகம் நிமிரும், மேலே தள்ளினால் குனியும். 20–25 பாகை அசைவே தாராளம். கைக்கான கம்பி மணிக்கட்டில்.

நிறம்

ஆடையில் வெட்டிய துளைகளுக்குப் பின்னால் நிறக் கண்ணாடித்தாள் ஒட்டலாம். ஓ.எச்.பி. ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில்) வரைவதென்றால் அழியாத மார்க்கர்தான் பிடிக்கும். நீர் மையாக இருந்தால் திரண்டு ஓடிவிடும். பாவை முழுக்க நிறம் தீட்டாமல் ஒரே ஒரு இடத்தில், அரசிக்கு முந்தானை, பறவைக்கு அலகு என்று வைத்தால் கண் அங்கே போய் நிற்கும்.

திரை

வெள்ளைப் பருத்தித் துணி, நெருக்கமான நெசவு, நடுவில் தையல் இல்லாதது. துணியை ஈரமாக்கிப் பிழிந்து மரச்சட்டத்தில் ஸ்டேப்ளர் அடியுங்கள். நான்கு பக்கத்தின் நடுப்புள்ளியில் முதலில், பிறகு அங்கிருந்து மூலைகளை நோக்கி. காய்ந்ததும் தானே விறைத்துக்கொள்ளும். மூலையிலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் நின்றுவிடும், அதை எதுவும் போக்காது. பாலியெஸ்டர் கலந்த துணி இப்படி இழுத்துக்கொள்ளாது. திரையின் மேல்விளிம்பைப் பார்வையாளர் பக்கம் 5–6 செ.மீ. சாய்த்து நிறுத்துங்கள், பாவை தன் எடையிலேயே துணியில் சாய்ந்து ஒட்டும். சட்டத்தைச் சுற்றிலும் கறுப்புத் துணி.

விளக்கு

நிழல் மங்கலாக விழுந்தால் பலரும் பல்பின் வாட்டைக் கூட்டுவார்கள். மங்கலுக்குக் காரணம் வெளிச்சக் குறைவு அல்ல, ஒளி வரும் இடத்தின் அகலம். கணக்கு எளிது: நிழல் விளிம்பின் மங்கல் என்பது விளக்கின் அகலத்தை, பாவைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்குக்கும் பாவைக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் வருவது. விளக்கு திரையிலிருந்து 150 செ.மீ. தள்ளி, பாவை திரையிலிருந்து 5 செ.மீ. விலகி இருப்பதாகக் கொள்ளுங்கள். 6 செ.மீ. அகலமுள்ள பால்வெள்ளை பல்புக்கு மங்கல் சுமார் 2 மி.மீ. வரும், கண் துளை பாதி மூடிவிட்டது. அரை செ.மீ. அகலமுள்ள ஒற்றை எல்.இ.டி. என்றால் 0.2 மி.மீ.கூட வராது.

ஆகவே ஒளிதரும் சில்லு (சிப்) ஒன்றே உள்ள எல்.இ.டி. டார்ச் அல்லது மூடி இல்லாத தெளிந்த சிறு பல்பு தேடுங்கள். பல சில்லுகள் பதித்த டார்ச்சில் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு நிழல் விழும். டார்ச்சின் முன்னால் லென்ஸ் இருந்தால் திரையில் வட்டம் விழும், கழற்றிவிடுங்கள். கைபேசி விளக்கு ஒத்திகைக்கும் அரை மீட்டர்த் திரைக்கும் போதும். ஹாலஜன் பயன்படுத்தினால் துணி, அட்டை எதுவும் அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், சூடு அதிகம்.

விளக்கை ஆட்டுகிறவர்களின் தலைக்கு மேலே, பின்னால் வையுங்கள். பார்வையாளரின் கண்ணையும் விளக்கையும் இணைக்கும் கோடு திரையை வெட்டும் இடத்தில்தான் கண்கூசும் வெள்ளைப் புள்ளி தெரியும். விளக்கு போதிய உயரத்தில் இருந்தால் அந்தப் புள்ளி திரைக்கு மேலே கறுப்புத் துணியில் ஒளிந்துகொள்ளும். முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் உட்கார்ந்து பார்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள்.

பின்னாலிருந்து வரும் கம்பியின் நிழலை மறைக்க ஒரு வழி உண்டு. கம்பியின் பின்முனை விளக்கைப் பார்த்திருக்கும்படி பிடித்தால் அதன் நிழல் பாவையின் நிழலுக்குள்ளேயே விழுந்துவிடும். மணிக்கட்டைக் கொஞ்சம் தாழ்த்தினாலே கோடு வெளியே நீண்டு தெரியும்.

ஆட்டுதல்

பேசுகிற பாவை மட்டும் அசையட்டும், மற்றவை உறைந்து நிற்கட்டும். இரண்டும் ஆடினால் குரல் யாருடையது என்று பார்வையாளருக்குத் தெரியாது. ஒவ்வொரு அசைவுக்கு முன்னும் பின்னும் ஒரு விநாடி நிறுத்துங்கள். சேதி கேட்டு அதிர்ச்சி அடைவதைக் காட்ட உடம்பை உலுக்க வேண்டாம். தலை மட்டும் நிமிர்ந்து, நின்று, பிறகு மெல்லக் குனிந்தால் போதும்.

திரும்ப வேண்டும் என்றால் பாவையைத் திரையிலிருந்து லேசாக எடுத்து, தண்டைச் சுழற்றி, மறுபக்கம் ஒட்டுங்கள். அரை விநாடி ஒற்றைக் கோடாக மெலிந்து மீண்டும் விரியும். வேகமாகச் செய்தால் இயல்பாகவே தெரியும். பின்கம்பிப் பாவைகளை இப்படித் திருப்ப முடியாது, கம்பி திரைப் பக்கம் போய்விடும். அவற்றுக்கு எதிர்த்திசை பார்க்கும் இன்னொரு பாவை வெட்டிவிடுவதே நல்லது.

பாவையைத் திரையிலிருந்து விளக்கை நோக்கி இழுத்தால் நிழல் பெரிதாகும். சரிபாதி தூரத்தில் இரண்டு மடங்கு. கனவு, பேய், நெருங்கும் ஆபத்து ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வெளியேற்றத்துக்குப் பயன்படுத்தினால் வீட்டுக்குக் கிளம்புகிற அண்ணன் பூதமாகிப் போவார்.

திரைக்குக் கீழே ஆட்டுகிறவர் பக்கம் தெர்மாகோல் கட்டை ஒன்றைக் கட்டிவையுங்கள். சும்மா நிற்கும் பாவையின் தண்டை அதில் குத்திவிட்டால் ஒரு கை மிஞ்சும். அடுத்த காட்சிப் பாவைகள் வரும் வரிசையிலேயே பக்கத்துக் கயிற்றில் தொங்கட்டும்.

நாடகம் முடிந்ததும் பாவைகளை இரண்டு கனமான அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். நூல்கள் பின்னாமல் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு தாள். ஈரக் காற்றில் சுருண்ட பாவையை எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்தினால் மடிப்பு விழும். புத்தகங்களுக்கு அடியில் ஒரு நாள் வைத்தாலே படிந்துவிடும். அடுத்த ஆட்டத்துக்குப் போகும் பெட்டியில் மெழுகு நூல், ஊசி, பத்துப் பன்னிரண்டு வட்டில், துணி டேப், ஒரு குறடு, இன்னொரு விளக்கு இருக்கட்டும். ஆட்டத்தின் நடுவில் பெரும்பாலும் அறுவது கழுத்து மூட்டுதான், அதிகம் உழைப்பது அது. முக்கியப் பாத்திரத்துக்குத் தலை ஒன்றைக் கோத்துத் தயாராகவே எடுத்துப் போங்கள்.